தண்ணி வர்ற நாள்தான் டிரம் தேய்க்கும் நாள்... கோவை வீடுகளுக்கு ஏற்ற வாராந்திர சுத்த வழக்கம் எது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்து மதியம் வரை ஒட்டடை அடித்து, பெருக்கி, துடைத்து, துணி துவைத்து முடித்தால் திங்கட்கிழமை எழும்போது இடுப்பு வலிதான் மிச்சம். புதன்கிழமை வந்தால் வீடு மறுபடியும் பழைய கதை. கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி வட்டாரத்தில் கணவன், மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடுகளில் இது வாராவாரம் நடப்பதுதான். அதிலும் திருப்பூர் பனியன் கம்பெனியில் சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கிக்கொண்டு வருபவர்களுக்கு ஞாயிறு ஒருநாள்தான் லீவு. சந்தைக்குப் போவது, கறி எடுப்பது, ஒரம்பரை வீட்டுக்குப் போய் வருவது, வீட்டைச் சுத்தம் செய்வது என எல்லாமே அந்த ஒரே நாளில் வந்து நிற்கும்.

இவ்வளவு பாடுபட்டு பளிச்சென்று வைத்திருக்கும் வீட்டின் பொடக்காலியில், மூன்று வாரமாகத் தேய்க்காத தண்ணீர் டிரம் ஒன்று நின்றுகொண்டிருக்கும். வாரம் தவறாமல் செய்தே ஆக வேண்டிய வேலை என்று ஒன்று உண்டென்றால் அது இந்த டிரம்தான். தரையை ஒருவாரம் துடைக்காவிட்டால் தூசி சேரும், அவ்வளவுதான். டிரம்மை விட்டால் வீட்டில் ஒருவர் காய்ச்சலில் படுக்க நேரலாம். வீட்டு வேலைகளை வாரத்துக்குப் பிரிப்பது எப்படி, அதை ஏன் தண்ணீரில் இருந்து தொடங்க வேண்டும் என்று விரிவாகப் பார்க்கலாம்.

அது ஏன் 'வாரம் ஒருமுறை'?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு, சாக்கடையைத் தேடிப் போகாது. வீட்டில் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். அந்த முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, இறக்கை முளைத்துக் கொசுவாக வெளியே வர நம்மூர் வெயிலில் சுமார் 7 முதல் 10 நாட்கள் ஆகும். வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்து தேய்த்தால் கொசு பறப்பதற்கு முன்பே கதை முடிந்துவிடும். 'வாரம்' என்ற கணக்கு சுகாதாரத் துறை ஏதோ வசதிக்குச் சொன்னது அல்ல, கொசுவின் வளர்ச்சியை வைத்துச் சொன்னது.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. இந்தக் கொசு தண்ணீரின் மேலே முட்டை போட்டுவிட்டுப் போவதில்லை. தண்ணீர் மட்டத்துக்கு சற்று மேலே, டிரம்மின் உள்பக்கச் சுவரில் ஒட்டி வைக்கிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டால் முட்டை போய்விடாது. காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் ஏறி நனைந்ததும் பொரிக்கத் தொடங்கும். "நாங்க தண்ணிய அப்பப்ப மாத்தீட்டுத்தான் இருக்கறோம்ங்க" என்று சொல்லும் வீட்டிலும் கொசுப்புழு கிடைப்பதற்குக் காரணம் இதுதான். கொட்டினால் போதாது, தேய்க்க வேண்டும்.

ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. பிறந்த இடத்தில் இருந்து சில நூறு மீட்டர் தூரத்துக்கு மேல் பெரும்பாலும் போவதில்லை. ஆக, மதியம் ஆசாரத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கடிக்கும் கொசு அந்த வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ வளர்ந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 2017-ம் ஆண்டு தமிழகத்தில் 23 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்குவால் பாதிக்கப்பட்டார்கள். டெல்லியில் 2019-ல் '10 வாரம், 10 மணி, 10 நிமிடம்' என்ற பெயரில் ஞாயிறுதோறும் வீட்டில் தேங்கிய தண்ணீரைத் தேடி அப்புறப்படுத்தும் பிரசாரம் நடந்தது. உண்மையிலேயே பத்து நிமிட வேலைதான். ஆனால் எந்த நாளில் செய்வது என்பதில்தான் கோவைக்கு டெல்லி கணக்கு ஒத்துவராது.

தண்ணி வர்ற நாளை வைத்தே திட்டமிடுங்கள்!

சிறுவாணி, பில்லூர், ஆழியாறு எனப் பல இடங்களில் இருந்து கோவைக்குக் குடிநீர் வருகிறது. இருந்தாலும் பல பகுதிகளில் குழாயில் தினமும் தண்ணீர் வருவதில்லை. சில நாட்களுக்கு ஒருமுறை வரும், கோடையில் இடைவெளி இன்னும் நீளும். 24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்துக்கு 2018-ல் சூயஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் போடப்பட்டு, பகுதி பகுதியாகக் குழாய் பதிக்கப்பட்டு வருகிறது. அது எல்லாத் தெருவுக்கும் வந்து சேரும் வரை டிரம், அண்டா, குடம், சம்ப் இல்லாமல் இங்கே குடும்பம் நடத்த முடியாது. 'தண்ணீரைச் சேமித்து வைக்காதீர்கள்' என்று இந்த ஊர் மக்களிடம் சொல்வதில் அர்த்தம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை டிரம்மைக் கழுவுவது என்று முடிவு செய்தால் என்ன ஆகும்? சனிக்கிழமைதான் தண்ணீர் வந்து டிரம் நிறைந்திருக்கும். அதைக் கொட்ட யாருக்கும் மனசு வராது. அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று தள்ளிப் போகும். இப்படியே மாதம் ஓடிவிடும். அதனால் டிரம் தேய்க்கும் வேலையைக் கிழமையோடு கட்டாமல், தண்ணீர் வரும் நாளோடு கட்டிவிடுவதே நடக்கக்கூடிய வழி. தண்ணீர் வருவதற்கு முந்தைய இரவோ, அன்று காலையோ டிரம் அடிமட்டத்துக்கு வந்திருக்கும். மிச்சத் தண்ணீரை பக்கெட்டில் எடுத்து வீடு துடைக்கவோ, வாசல் தெளிக்கவோ வைத்துக்கொள்ளலாம். ஒரு சொட்டும் வீணாகாது. வீட்டுத் தரையையும் அதே நாளில் துடைப்பது என்று வைத்துக்கொண்டால் இரண்டு வேலை ஒன்றாக முடியும்.

நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் தெருவில் ஒவ்வொரு முறையும் தேய்ப்பதுதான் பாதுகாப்பு. ஒருமுறை விட்டு ஒருமுறை என்றால் எட்டு நாளாகிவிடும்.

தேய்ப்பதற்குப் பெரிய செலவெல்லாம் இல்லை. தேங்காய் நாரோ, முரட்டு பிரஷோ போதும். தண்ணீர் நின்ற கோட்டையும் அதற்கு மேல் ஒரு சாண் அளவையும் அழுத்தித் தேய்க்க வேண்டும். வெறும் கையால் அலசுவது கணக்கில் வராது. மத்திய அமெரிக்காவில் உள்ள ஹோண்டுராஸ் நாட்டின் எல் புரோகிரசோ நகரிலும் நம்மூர் போலத்தான், தண்ணீர் ஒழுங்காக வராததால் வீட்டுக்கு வீடு சிமென்ட் தொட்டியில் பிடித்து வைப்பார்கள். அங்கே 1990-களில் வீட்டுப் பெண்களோடு சேர்ந்து ஒரு எளிய முறையைச் சோதித்தார்கள். குளோரின் ப்ளீச்சையும் துணி துவைக்கும் சோப்புத் தூளையும் குழைத்து, தொட்டியின் உள்சுவரில் பூசி, பத்து நிமிடம் போலக் காய விட்டு, தேய்த்துக் கழுவிவிடுவது. முட்டையை அழிக்க இது உதவியது. அதே முறையை இங்கும் செய்யலாம். குடிநீர் பிடிக்கும் டிரம் என்றால் வாசனை போகும் வரை நன்றாக அலசிவிட்டுத்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

தண்ணீர் வாரத்தைத் தாண்டி வரும் இடங்களில் என்ன செய்வது? அங்கே மூடிதான் காவல். டிரம்மோடு வரும் பிளாஸ்டிக் மூடி பெரும்பாலும் சரியாக உட்காராது. விரல் நுழையும் சந்து இருந்தால் கொசுவும் நுழையும். பழைய வேட்டித் துணியை வாயில் விரித்து, ரப்பரோ கயிறோ போட்டு இறுக்கிக் கட்டி, அதற்கு மேல் மூடியை வைப்பது நல்லது. இரண்டு, மூன்று டிரம் இருந்தால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காமல், ஒன்றை முழுசாகக் காலி செய்து தேய்த்துக் கவிழ்த்துவிட்டு அடுத்ததைத் திறக்கலாம். சம்ப் மூடியின் ஓரம், மாடித் தொட்டியில் தண்ணீர் வழியும் குழாயின் வாய் ஆகிய இரண்டையும் கொசுவலைத் துணியால் மூட வேண்டும்.

கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்து டிரம்மில் டார்ச் அடித்துப் பார்த்து, 'அபேட்' மருந்து ஊற்றிவிட்டுப் போவார்கள். தண்ணீர் வாசனை அடிக்கிறது என்று அவர்கள் தெரு முனை திரும்புவதற்குள் கொட்டிவிடும் வீடுகளும் உண்டு. டெமிபாஸ் என்ற இந்த மருந்தைக் குறிப்பிட்ட அளவில் குடிநீரிலும் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. மருந்து ஊற்றியாச்சு என்பதற்காகத் தேய்ப்பதை நிறுத்தவும் கூடாது.

பொடக்காலியில் மறந்துபோன ஆட்டுக்கல்

வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் கோவை. கிரைண்டர் வந்ததும் ஆட்டுக்கல் என்ன ஆனது? தூக்கிப் போட மனசில்லாமல், தூக்கவும் முடியாமல் பொடக்காலியிலேயே குழியோடு கிடக்கிறது. மழை பெய்தால் அந்தக் குழியில் நிற்கும் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குத் தாராளம். உரலும் அப்படியே. கவிழ்க்க முடியாத கல் என்றால் குழியை மணல் போட்டு நிரப்பிவிடலாம்.

டிரம் தேய்க்கும் நாளிலேயே வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தால் மற்றதும் கண்ணில் படும். தேங்காய்த் தொட்டி, பழைய டயர், பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, நாய்க்குத் தண்ணீர் வைக்கும் கிண்ணம், சன்ஷேடு மேலே கிடக்கும் பெயின்ட் டப்பா எல்லாம் பார்க்க வேண்டியவை. வீட்டுக்குள் ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டை மட்டும் முக்கால்வாசிப் பேர் வாங்கிய நாளில் இருந்து எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். கோவைக்கு அக்டோபர், நவம்பரில்தான் நல்ல மழை என்பதால் அந்த இரண்டு மாதமும் இந்த நடை இரட்டிப்பு முக்கியம்.

மற்ற நாட்களில் என்ன செய்யலாம்?

தண்ணீர் நாள் நகர்ந்துகொண்டே இருக்கும். மற்ற வேலைகளைக் கிழமையோடு கட்டிவிடலாம். ஒரு நாளைக்கு இருபது நிமிடம், அதிகபட்சம் அரை மணி நேரம், அதுவும் ஒரே ஒரு வேலை. அதற்கு மேல் போனால் இரண்டாவது வாரமே வழக்கம் உடைந்துவிடும். ஒரே நாளில் வீட்டையே புரட்டிப்போடும் பட்டியல்கள் பார்க்க அழகாக இருக்கும், நடைமுறையில் நிற்பது குறைவு.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் வீடுகளில் வியாழன் மாலையே பூஜை சாமான் துலக்கி, வீடு துடைக்கும் பழக்கம் ஏற்கனவே இருக்கிறது. அதை மாற்ற வேண்டியதில்லை, வியாழன் அதற்கே இருக்கட்டும். ஞாயிறு காலை உழவர் சந்தைக்குப் போகிறவர்கள் சனி இரவு ஃபிரிட்ஜைத் திறந்து, வதங்கிய காய், புளித்துப்போன மாவு, மூன்று நாள் குழம்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் துடைக்கலாம். என்ன இருக்கிறது என்று தெரிந்தபிறகு சந்தைக்குப் போனால் வெண்டைக்காய் இரண்டு முறை வாங்க வேண்டியிருக்காது. பின்பக்கத் தட்டையும் அப்போதே, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எடுத்துக் கொட்டித் தேய்க்கலாம். ஞாயிறு மாவாட்டும் வீடுகளில் கிரைண்டர் கல்லைத் தூக்கி அடியில் ஒட்டிய மாவையும் துடைத்துவிட வேண்டும். கரப்பான் வருவது அந்த இடத்துக்குத்தான்.

படுக்கை விரிப்பு, தலையணை உறைக்கு வாரத்தில் ஒருநாள். வெயிலில் காயப்போட வசதியான நாளாகப் பார்த்துக்கொள்ளலாம். பாத்ரூம், கழிப்பறைக்கு ஒருநாள். மீதமுள்ள நாளில் சமையலறை அலமாரியின் ஒரே ஒரு தட்டு. எல்லாத் தட்டும் அல்ல, ஒன்று மட்டும். தினமும் செய்ய வேண்டியவை இரண்டுதான். படுக்கும் முன் சிங்க்கில் பாத்திரம் இல்லாமல் இருக்க வேண்டும், ஈரமான ஸ்க்ரப்பரையும் துடைக்கும் துணியையும் பிழிந்து காயப்போட வேண்டும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று கோவை, பொள்ளாச்சி, பல்லடம், உடுமலை வரை வீட்டுக்குள் புழுதியைக் கொண்டுவந்து கொட்டும். மேற்குப் பக்க ஜன்னல் உள்ள அறையை வாரம் இரண்டு முறை துடைக்க வேண்டியிருக்கும். காய்ந்த துணியால் தட்டினால் தூசி எழும்பி மறுபடி அங்கேயே வந்து படியும். ஈரத்துணிதான் சரி. மேலே இருந்து கீழே வர வேண்டும், அதாவது முதலில் ஃபேன், பிறகு அலமாரி, கடைசியில்தான் தரை. சோமனூர், பல்லடம் பக்கம் வீட்டை ஒட்டியே தறி ஓட்டுபவர்கள் பஞ்சுத் துகளைச் சீமாறு போட்டுப் பெருக்குவதைவிட ஈரமாகத் துடைத்து எடுப்பது நல்லது. மூச்சிரைப்பு உள்ளவர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது கட்டாயம்.

உப்புத்தண்ணி கறையும் ஒரு ஆபத்தும்

கோவை வீடுகளில் 'நல்ல தண்ணி', 'உப்புத்தண்ணி' என இரண்டு கணக்கு உண்டு. போர்வெல் உப்புத்தண்ணீர் பட்ட குழாய், ஷவர், டைல்ஸ் எல்லாம் வெள்ளையாகப் படிந்துபோகும். இது பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவு. புளிப்பு பட்டால் கரையும். வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நனைத்த துணியைக் குழாயில் அரை மணி நேரம் சுற்றி வைத்துவிட்டுத் தேய்த்தால் வந்துவிடும். வாராவாரம் செய்தால் லேசாகத் துடைத்தாலே போதும், ஆறு மாதம் விட்டால் ஆசிட்டைத் தேட வேண்டியிருக்கும். கடப்பா கல், மார்பிள் மேல் மட்டும் புளிப்பு எதையும் ஊற்றக் கூடாது. அந்தக் கற்களே சுண்ணாம்பு வகை என்பதால் மெருகு போய்விடும்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. கறை போகவில்லை என்று கழிப்பறை ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். ஜன்னல் சாத்திய சின்ன பாத்ரூமில் அது நுரையீரலையே பாதிக்கும். டிரம்முக்கு ப்ளீச், பாத்ரூமுக்கு ஆசிட் என்று இரண்டும் வீட்டில் இருக்கும்போது, இரண்டையும் ஒரே நாளில் எடுக்காமல் இருப்பதே நல்லது. வினிகரோடும் ப்ளீச்சைக் கலக்கக் கூடாது. தவறிக் கலந்து கண் எரிச்சல், இருமல் வந்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். மூச்சுத் திணறல் இருந்தால் 108-க்கு போன் செய்ய வேண்டும்.

குப்பைக்கும் ஒரு நாள் உண்டு

குப்பையை வகை வகையாகப் பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. பிரிக்காமல் கொடுப்பதெல்லாம் எங்கே போகிறது என்பது கோவைவாசிகளுக்குத் தெரியும். வெள்ளலூர் குப்பைக் கிடங்கில் 2024 ஏப்ரலில் பிடித்த தீயை அணைக்கப் பல நாட்கள் ஆனது, சுற்றியுள்ள மக்கள் புகையில் தவித்தார்கள்.

மக்கும் குப்பையை அன்றன்றே கொடுத்துவிட வேண்டும். மக்காததை ஒரு சாக்கில் சேர்த்து வாரம் ஒருநாள் கொடுத்தால் போதும். பால் கவரை அலசிக் காயவைத்துப் போட்டால் நாற்றம், எறும்பு தொல்லை இருக்காது. நாப்கின், டயப்பரைத் தனியாகத் தாளில் சுற்றிக் கொடுக்க வேண்டும், அதைக் கையால் எடுத்துப் பிரிப்பவரும் ஒரு மனிதர்தான். தீர்ந்த பேட்டரி, ஃபியூஸ் போன பல்பு, காலாவதி மாத்திரை ஆகியவற்றுக்கு குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் ஒரு டப்பா வைத்துவிடலாம்.

யார் செய்வது?

எந்தப் பட்டியல் போட்டாலும் கடைசியில் அது ஒருவர் தலையில்தான் விழுகிறது. மத்திய அரசின் 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்வதைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு சராசரியாக 289 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். ஏறக்குறைய மூன்றே கால் மடங்கு வித்தியாசம்.

'உதவி செய்றேன்' என்று சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எதை, எப்போது செய்வது என்று நினைவு வைத்துக்கொண்டு சொல்லும் வேலை அப்போதும் அம்மாவிடமோ மனைவியிடமோதான் இருக்கும். அதற்குப் பதிலாக ஒரு முழு வேலையை ஒருவர் பெயரில் எழுதிவிடலாம். டிரம் அப்பாவுக்கு என்றால் தண்ணீர் எப்போது வரும் என்று விசாரிப்பதில் இருந்து, தேய்த்து, பிடித்து, துணி கட்டுவது வரை அவருடையது. பொடக்காலியைச் சுற்றிப் பார்ப்பது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு நல்ல வேலை, புழுவைக் கண்டுபிடிப்பதில் அவர்களுக்கு ஆர்வமும் அதிகம். சனி இரவு ஃபிரிட்ஜ், ஞாயிறு சந்தைக்குப் போகிறவருக்கு.

வாரக் கணக்கில் வராத வேலைகள்

மின்வாரியம் துணைமின் நிலையம் வாரியாக மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் கரன்ட் நிறுத்துவது வழக்கம். செய்தித்தாளில் முன்னதாகவே அறிவிப்பும் வந்துவிடும். புலம்புவதைவிட அந்த நாளை ஃபேன் இறக்கை துடைக்கவும், ஃப்ரீசரில் கட்டிய ஐஸைக் கரைக்கவும் வைத்துக்கொள்ளலாம். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் அதையும், மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டே ஃபேனில் கை வைக்க வேண்டும்.

அட்டாலிக்கு வருடத்தில் ஒரு நாள் போதும். கொங்கு வீடுகளில் அந்த நாள் ஏற்கனவே குறித்து வைக்கப்பட்டிருக்கிறது. தை நோம்பிக்கு முன்னால் சுண்ணாம்போ பெயின்டோ அடித்து, வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ வைத்துக் காப்புக் கட்டும்போது அட்டாலிச் சாமான் எல்லாம் கீழே இறங்கும். போன காப்புக்கட்டுக்கு இறக்கி, ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் திரும்ப ஏற்றிய பொருளை இந்த முறை யாருக்காவது கொடுத்துவிடலாம், இல்லை பழைய சாமான் கடைக்குப் போட்டுவிடலாம். பழைய டயர், பிளாஸ்டிக்கை போகியில் கொளுத்த வேண்டாம். மறுபடி ஏற்றும் அண்டா, போசி எல்லாவற்றையும் காயவைத்துக் கவிழ்த்தே அடுக்க வேண்டும். இடம் போதாமல் மொட்டை மாடிக்கோ பொடக்காலிக்கோ போகும் பாத்திரங்களுக்கு இது இன்னும் அவசியம். வாய் மேலே பார்த்து வைத்தால் அடுத்த மழைக்கு அதுவும் ஒரு டிரம்தான்.